தேயிலை டிரையருக்கு எதை எரிப்பது? விறகு, ஃபர்னஸ் ஆயில், எல்.டி.ஓ., டீசல், காஸ்: ஒரு நீலகிரிக் கணக்கு

குன்னூர், கோத்தகிரி, குந்தா பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூள் போடும் ஃபேக்டரிகளில், இலையைச் சூடான காற்றில் உலர்த்தும் டிரையரைப் பற்றி இப்போது அடிக்கடி எழும் கேள்வி இது: "விறகு கிடைப்பது கஷ்டமாகிக்கொண்டே போகிறது, ஆயில் பர்னர் போட்டுவிடலாமா? போட்டால் எந்த ஆயில்?" கேள்வியின் பிற்பாதியைத்தான் பலரும் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை பாய்லருக்குப் பொருந்தும் எண்ணெய், 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூருக்கு அப்படியே பொருந்தாது. லிட்டர் விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், முதல் மழைக்காலத்திலேயே பர்னர் மூலையில் கிடக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாட ஓட்டத்துக்குக் காய்ந்த விறகு. நெருக்கடி நாட்களுக்குத் துணையாக டீசல் பர்னர். நடுத்தர ஃபேக்டரிக்கு ஃபர்னஸ் ஆயிலும் எல்.டி.ஓ.வும் (லைட் டீசல் ஆயில்) வேண்டாம். கிரீன் டீ, ஸ்பெஷல் டீ போடுகிறவர்கள் காஸைப் பற்றி யோசிக்கலாம். காரணங்கள் சுத்திகரிப்பு ஆலையிலிருந்தே தொடங்குகின்றன; அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

எந்த எண்ணெய் எங்கே பிறக்கிறது

நம் வட்டாரத்துக்கு அருகில் இருக்கும் பெரிய ஆலைகள் இரண்டு. ஆண்டுக்கு 1.55 கோடி டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் கொச்சி ஆலை ஒன்று; 1.05 கோடி டன் கொள்ளளவுள்ள மணலி ஆலை இன்னொன்று. இரண்டிலும் அடிப்படை வேலை ஒன்றுதான். கச்சா எண்ணெயை 350 டிகிரிக்கு மேல் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விடுகிறார்கள். லேசான ஆவி மேலே போகிறது, கனமானது கீழே தங்குகிறது. உச்சியில் காஸ், அதற்குக் கீழே நாப்தா, பிறகு கெரசின், பிறகு கேஸ் ஆயில் (பெயரில்தான் கேஸ், ஆள் திரவம்), அடியில் கறுப்பான எச்சம்.

இவற்றில் பெரும்பாலானவை வந்தபடியே விற்கிற சரக்கு அல்ல. இன்னொரு யூனிட்டுக்குப் போகும் இடைநிலைச் சரக்கு. நாப்தாவை ரிஃபார்மருக்கு அனுப்பி பெட்ரோலுக்கான கலவையாக்குகிறார்கள். பிளாஸ்டிக் மூலப்பொருளும் அதிலிருந்து வருகிறது. கெரசினின் ஒரு பகுதி விமான எரிபொருள் ஆகிறது. மணலியிலேயே பக்கத்து ஆலை ஒன்று கெரசினிலிருந்து பாரஃபினைப் பிரித்து, துணி துவைக்கும் பவுடருக்கு வேண்டிய மூலப்பொருள் செய்கிறது. கேஸ் ஆயிலில் உள்ள கந்தகத்தை ஹைட்ரஜன் கொண்டு நீக்கினால் டீசல்.

அடியில் தங்கிய எச்சத்தை இன்னும் சூடாக்கினால் கருகிக் கரியாகிவிடும். அதனால் அதை வெற்றிடக் கோபுரத்துக்கு அனுப்புகிறார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் கருகாமலே ஆவியாகிப் பிரிகிறது. அதில் மேலே வருவது வேக்குவம் கேஸ் ஆயில். ஆலைக்கு அது தங்கம் மாதிரி. கிராக்கரில் உடைத்தால் பெட்ரோலும் டீசலும் காஸும், வேறு வழியில் கொண்டுபோனால் எஞ்சின் ஆயிலுக்கான பேஸ் ஆயில். கிராக்கரின் அடியில் வரும் கனமான எண்ணெய் டயருக்கான கரித்தூள் செய்யப் போகிறது. வெற்றிடக் கோபுரத்தின் அடியிலும் தங்கிவிடுவது வேக்குவம் ரெசிட்யூ. நம் மலைப்பாதைகளில் போடும் தார் அதிலிருந்து வருவதுதான்.

ஃபர்னஸ் ஆயிலும் இதே குடும்பம். தார் மாதிரியான இந்த எச்சத்தோடு, கிராக்கரிலிருந்து வரும் லேசான சைக்கிள் ஆயில் போன்றவற்றைக் கலந்து, பம்பில் ஓடும் அளவுக்கு இளக்கினால் அதுதான் ஃபர்னஸ் ஆயில். கச்சா எண்ணெயில் இருந்த கந்தகம், சாம்பல் தரும் உலோகங்கள் எல்லாம் சேர்ந்து தங்கும் இடம் அது. எல்.டி.ஓ. நடுவில் நிற்கிறது, கேஸ் ஆயில் வகையோடு கொஞ்சம் கனமான சரக்கும் சேர்ந்தது. டீசல் மேல்தட்டு. விலை வரிசையும் இதே வரிசைதான். தொல்லை வரிசை இதற்குத் தலைகீழ்.

ஒன்றைக் கவனியுங்கள். எந்த ஆலைக்கும் ஃபர்னஸ் ஆயில் செய்ய ஆசை இல்லை. கோக்கரும் ஹைட்ரோகிராக்கரும் போட்டுவிட்டால் அதே எச்சத்தை உடைத்து டீசலாக விற்கலாம். 2020 ஜனவரியிலிருந்து உலகக் கப்பல்களுக்கு எரிபொருளில் கந்தகம் 0.5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று ஆனது. அதற்கு முன் 3.5 வரை விட்டிருந்தார்கள். 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான் மாநிலங்களில் ஃபர்னஸ் ஆயிலையும், அதே எச்சத்திலிருந்து வரும் கரியான பெட்கோக்கையும் தடை செய்தது. தமிழ்நாட்டுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் டிரையருக்குச் சூடான காற்று தந்து பதினைந்து வருடம் ஓடவேண்டிய ஹீட்டருக்கு, சுருங்கிக்கொண்டே வரும் ஒரு எரிபொருளைத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

குளிரில் எது ஓடும்

சந்தையில் அதிகம் கிடைக்கும் ஃபர்னஸ் ஆயில் எம்.வி.2 என்ற ரகம். 50 டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தன்மை 180 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்கலாம். பர்னர் நாசிலில் மெல்லிய தூவலாக வரவேண்டுமானால் அதை 100, 110 டிகிரிக்குச் சூடாக்கியாக வேண்டும். டேங்கிலிருந்து பம்ப் வரை இழுப்பதற்கே முன்கூட்டிச் சூடு தேவை. சமவெளியில் 30 டிகிரியில் இருக்கும் எண்ணெயைச் சூடாக்குவது வேறு, ஐப்பசி இரவில் 10 டிகிரிக்கு இறங்கிக் கிடப்பதைச் சூடாக்குவது வேறு. டேங்குக்குள் ஹீட்டர், குழாய் முழுக்க ஹீட்டிங் கேபிள், மேலே லேகிங் (சூடு போகாமல் சுற்றும் உறை), இவை எல்லாம் விலைப்பட்டியலில் 'உபரி' என்று வரும். மலையில் இவை உபரி அல்ல. இரவில் கரண்ட் போய், எண்ணெய் குழாய்க்குள்ளேயே ஆறிவிட்டால், காலையில் குழாயைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலை ரயிலே ஃபர்னஸ் ஆயிலில் ஓடியிருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். நிலக்கரி எஞ்சின்களை எண்ணெய்க்கு மாற்றினார்கள். பொன்மலைப் பணிமனை எண்ணெய் எரிக்கும் புது நீராவி எஞ்சின்களே கட்டிக்கொடுத்தது. ஆனால் எஞ்சினுக்குள்ளேயே நீராவி இருக்கிறது. எண்ணெயைச் சூடாக்கவும் தூவலாக அடிக்கவும் அது உதவும். நம் டிரையருக்கு இருப்பது வெறும் காற்றுச் சூடாக்கி, பாய்லர் கிடையாது. அந்த வேலை முழுவதையும் கரண்ட்டில்தான் செய்ய வேண்டும்.

எல்.டி.ஓ.வைப் பார்க்கிறவர்கள் "டீசல் மாதிரிதான், விலை மட்டும் குறைவு" என்று நினைத்துவிடுகிறார்கள். அதன் தரக்கட்டளையில் உறைநிலைக்கு அனுமதித்த உச்சவரம்பைப் பாருங்கள்: குளிர்காலத்துக்கு 12 டிகிரி, கோடைக்கு 21 டிகிரி. இந்த வரம்பு சமவெளியை மனதில் வைத்துப் போட்டது. கோடை ரகச் சரக்கு டேங்கில் மீந்து கிடந்து மார்கழி வந்தால், ஊட்டிப் பக்கத்து அதிகாலையில் ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றினால் தெரியும்: கண்ணாடிச் சுவரில் வெள்ளையாக மெழுகு படிந்திருக்கும், ஃபில்டர் துணி கையில் வழவழவென்று ஒட்டும், அடியில் கூழ் மாதிரி ஒன்று அசையாமல் நிற்கும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும், பர்னருக்கு எண்ணெய் வராது. டீசலுக்கும் மெழுகுப் பிரச்சினை உண்டு. ஆனால் அங்கே வரம்பு குளிர்காலத்துக்கு 3 டிகிரி, கோடைக்கு 15. கோத்தகிரி, குன்னூரின் பெரும்பாலான இரவுகளுக்கு அது போதும். உறைபனி விழும் பள்ளங்களில் இருப்பவர்கள் டேங்கைக் கட்டடத்துக்குள், ஹீட்டர் அறைச் சுவரை ஒட்டி வைத்துக்கொண்டால் சரி.

காஸுக்கும் குளிர் ஒத்துக்கொள்ளாது. நம் சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும். பியூட்டேனின் கொதிநிலை ஏறக்குறைய பூஜ்ஜியம். டிரையர் அளவுக்கு வேகமாக இழுத்தால் சிலிண்டரே குளிர்ந்து, வெளியே வேர்த்து, அழுத்தம் விழுந்துவிடும். அடியில் திரவம் மீந்திருக்கும்போதே தீ சிறுத்துப்போகும். வேப்பரைசர் (திரவத்தைச் சூடாக்கி வாயுவாக்கும் கருவி) இல்லாமல் மலையில் காஸ் டிரையர் போடவே கூடாது.

உயரம்: பர்னர்காரர் கேட்க மறக்கும் கேள்வி

குன்னூரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு. பிளோயர் அதே கனஅளவு காற்றைத் தள்ளினாலும் அதில் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைவு. கோயம்புத்தூரில் சோதித்துக் காட்டிய பர்னரை அதே நாசிலோடு மேலே கொண்டுவந்து மாட்டினால், எண்ணெய் கூடுதல், காற்று குறைவு. சிம்னியில் கரும்புகை, ஹீட்டர் டியூபில் கரி. கரி படிந்த டியூப் சூட்டைக் கடத்தாது, டிரையர் உள்காற்று 130 டிகிரிக்கு வராது, ஹீட்டரில் தீயைக் கவனிக்கும் ஃபயர்மேன் எண்ணெயைக் கூட்டுவார், இன்னும் கரி. எந்த எரிபொருள் எடுத்தாலும் ஆர்டர் கொடுக்கும் காகிதத்தில் "கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரத்தில் இவ்வளவு வெப்பம் தர வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். கனமான எண்ணெய்க்குத்தான் இது அதிகம் உறுத்தும். டீசல் ஓரளவு மன்னிக்கும், காஸ் இன்னும் கொஞ்சம்.

கந்தகம்

எம்.வி.2 ஃபர்னஸ் ஆயிலில் கந்தகம் 4 சதவீதம் வரை இருக்கலாம். அந்த உச்சத்தில் 100 லிட்டர் எரித்தால் ஏழரை கிலோ கந்தக டை ஆக்சைடு வெளியே வரும். இன்றைய பி.எஸ். 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கு. 100 லிட்டர் எரித்தால் வரும் கந்தக டை ஆக்சைடு இரண்டு கிராம்கூட இல்லை. நம் ஃபேக்டரிகள் பல பள்ளத்தாக்கின் ஓரத்தில், ஹட்டிகளுக்கு (படுகர் ஊர்களுக்கு) பக்கத்தில் இருக்கின்றன. மூடுபனி இறங்கும் காலைகளில் சிம்னிப் புகை மேலே போகாது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் மூச்சில்தான் போகும். இலை கொண்டுவந்து போடுகிறவர்களும் அந்த வீட்டுக்காரர்கள்தான்.

இது தர்மம் மட்டும் அல்ல, டியூபின் ஆயுளும்கூட. கந்தகப் புகை 150 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் அமிலமாகப் படியத் தொடங்குகிறது. நம் ஹீட்டருக்குள் நுழைவது மலைக்காற்று, 10 டிகிரி. குளிர்ந்த காற்று முதலில் தொடும் டியூப் வரிசையில் அமிலம் வியர்வை மாதிரி உட்கார்ந்து இரும்பைத் தின்னும். பிரித்துப் பார்த்தால் மஞ்சளும் பழுப்புமாகச் செதில் உரியும். ஒரு டியூபில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலே புகை சூடான காற்றோடு கலந்து தூளில் ஏறிவிடும். புகை வாடை அடிக்கும் தூளை ஏலத்தில் டேஸ்டர் ஒரு வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார். அந்த லாட்டுக்குக் கிடைக்கும் விலையில், எண்ணெயில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். விறகு ஹீட்டரிலும் டியூப் ஓட்டையானால் இதே கதைதான். ஆனால் ஃபர்னஸ் ஆயில் ஓட்டையை வேகமாக உண்டாக்கும்.

கணக்கு

இனி பணம். விலைகள் மாதாமாதம் மாறும். அதனால் விலை சொல்லாமல் அளவைச் சொல்கிறேன், உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். சி.டி.சி. தூளுக்கு (இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் செய்வது) டிரையருக்குள் போகும் இலையில் ஏறக்குறைய 70 சதவீதம் ஈரம். வெளியே வரும் தூளில் 3 சதவீதம். ஒரு கிலோ தூளுக்கு 2.2 கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். அதற்கு 1,300 கிலோ கலோரி. டிரையரில் பாதி வீணாகிறது என்று வைத்தால், ஹீட்டர் தரவேண்டியது 2,600 சுமார்.

விறகு ஹீட்டர் 60 சதவீதத் திறனில் ஓடினால், 20 சதவீத ஈரமுள்ள காய்ந்த விறகு 1.3 கிலோ. எண்ணெய் ஹீட்டர் 80 சதவீதம் என்று வைத்தால் ஃபர்னஸ் ஆயில் 0.36 லிட்டர், அல்லது டீசல் 0.39 லிட்டர். காஸ் 0.3 கிலோ. அதாவது ஃபர்னஸ் ஆயில் லிட்டர் விலை விறகு கிலோ விலையின் 3.6 மடங்குக்குக் கீழே இருந்தால்தான் விறகை ஜெயிக்கும். டீசலுக்கு 3.3 மடங்கு, காஸுக்கு 4.3 மடங்கு. விறகு கிலோ 5 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், ஃபர்னஸ் ஆயில் 18 ரூபாய்க்கு வர வேண்டும். வராது. எரிபொருள் செலவு என்று மட்டும் பார்த்தால் எந்த எண்ணெயும் விறகுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

அப்படியானால் விறகிலேயே என்ன மிச்சம் பிடிக்கலாம்? இங்கேதான் பெரிய பணம் இருக்கிறது. அன்று வெட்டிய சீகையிலோ (வாட்டில்) கற்பூர மரத்திலோ (யூகலிப்டஸ்) பாதிக்குப் பாதி தண்ணீர். அப்படியே எரித்தால் கிலோவுக்கு 1,900 கிலோ கலோரிதான் உருப்படியாகக் கிடைக்கும். 20 சதவீதம் வரை காயவைத்தால் 3,400. பச்சை விறகை எரிக்கும் ஃபேக்டரி ஒரு கிலோ தூளுக்கு 2.3 கிலோ விறகு போடுகிறது. தீ சரியாகப் பிடிக்காததால் திறனும் விழுந்து, நிஜத்தில் அதைவிடக் கூடுதல். காய்ந்ததும் எடை குறையும் என்பது சரிதான், ஆனாலும் தீயின் வேகம், கரி படியாத டியூப், ஃபயர்மேனுக்கு மிச்சமாகும் வேலை எல்லாம் சேர்ந்து காய்ந்த விறகுதான் லாபம். தகரக் கூரை, மூன்று பக்கம் திறப்பு, தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்திய அடுக்கு, பிளந்து அடுக்கிய விறகு, நான்கைந்து மாதம். ஆயில் பர்னருக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு இந்தக் கொட்டகைக்குப் போகட்டும்.

விறகின் நிஜச் சிக்கல் விலையில் இல்லை, வரத்தில் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி பட்டா நிலத்து மரத்துக்கும் அனுமதி வாங்க வேண்டும்; அது சரியான சட்டமும்கூட. மழையில் கல்லாறு, பர்லியார் பக்கம் மண் சரிந்தால் கீழிருந்து வரும் லோடும் நிற்கும். மரத்தூள் போன்றவற்றை அழுத்திச் செய்த பிரிக்கெட் வாங்குகிறவர்களுக்கும் அதே பாதைதான். அது நனைந்தால் உதிர்ந்து தவிடாகிவிடும். வடகிழக்குப் பருவமழையில் விறகு நனைவதும், இலை குவிவதும் ஒரே வாரங்களில் நடக்கின்றன. அந்த வாரங்களுக்குத்தான் ஒரு துணை வேண்டும்.

துணைக்கு ஏன் டீசல்

துணை என்றால் வருடத்தில் சில நாட்கள், அதிலும் சில மணி நேரம். அவ்வளவு குறைவாக ஓடும்போது லிட்டர் விலை வித்தியாசம் மொத்தத்தில் சிறியது. ஸ்விட்ச் போட்டவுடன் பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி. ஃபர்னஸ் ஆயில் அமைப்பைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும், ஓடாத நாளிலும். டீசல் அப்படிக் கிடையாது. ஜெனரேட்டருக்காக டீசல் ஏற்கெனவே ஃபேக்டரியில் இருக்கிறது. கொச்சியிலிருந்து கோவை இருகூர் வழியாகக் கரூர் வரை போகும் குழாயில் டீசல் வந்து சேர்வதால் மலையடிவாரம் வரை வரத்து உறுதி. ஃபர்னஸ் ஆயிலுக்கு முழுத் தூரமும் டேங்கர் லாரிதான்.

டீசலுக்கு எதிராக இரண்டு வாதங்கள் நியாயமானவை. ஒன்று வரி. ஃபர்னஸ் ஆயிலும் எல்.டி.ஓ.வும் ஜி.எஸ்.டி.க்குள் இருப்பதால் கட்டிய வரியை வரவு எடுக்கலாம், டீசல் ஜி.எஸ்.டி.க்கு வெளியே, ஒரு பைசா வராது. இரண்டாவது உரிமம். ஃபர்னஸ் ஆயில், எல்.டி.ஓ. இரண்டும் 66 டிகிரிக்கு மேல்தான் தீப்பற்றும் ஆவி விடுவதால் பெட்ரோலியச் சட்டத்தில் 'சி' வகுப்பு. 45,000 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைக்கலாம். டீசல் 'பி' வகுப்பு. 2,500 லிட்டர்தான், அதுவும் எந்தக் கலனும் 1,000 லிட்டருக்கு மேல் போகக்கூடாது. தினமும் எண்ணெயிலேயே ஓட்டப்போகிறவருக்கு இவை கனமான வாதங்கள். துணைக்கு மட்டும் வைப்பவருக்கு 2,000 லிட்டர் போதும்: மணிக்கு 200 கிலோ தூள் என்றால் 78 லிட்டர், ஏறக்குறைய 25 மணி நேரம் தாங்கும்.

ஃபர்னஸ் ஆயில் யாருக்குச் சரி? இரவு பகல் நிற்காமல் ஓடும் பெரிய ஃபேக்டரி, நீராவி பாய்லர் ஏற்கெனவே இருக்கிறது, விறகுக்கு வழியே இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் பேசலாம். எல்.டி.ஓ.வை எந்தச் சூழ்நிலையிலும் என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. டீசலின் செலவில் பெரும்பகுதி, ஃபர்னஸ் ஆயிலின் தொல்லையில் ஒரு பகுதி.

காஸ் வேறு கணக்கு. கிரீன் டீயில் இலையை வறுக்கும் சட்டிக்குத் தீயை நொடியில் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். விறகுக்கு அது வராது. அளவும் சிறியது. 100 கிலோ வரை உரிமம் இல்லாமல் சிலிண்டர் வைக்கலாம், 19 கிலோ சிலிண்டர் ஐந்து. அதற்குள் அடங்கும் சிறு யூனிட்டுக்கு காஸ் நல்ல தேர்வு. கிலோ தூளின் விலையும் அதைத் தாங்கும்.

இன்னொரு வகை உண்டு, அதை ஒப்பீட்டில் சேர்க்கவே எனக்கு மனமில்லை. 'இண்டஸ்ட்ரியல் ஆயில்', 'மிக்ஸ் ஆயில்' என்று சொல்லி, பில்லில் தெளிவான பெயர் இல்லாமல், டீசலைவிட நல்ல விலைக்குறைவில் பேரலில் வருவது. அதில் சால்வென்ட் இருக்கலாம், நாப்தா வகை இருக்கலாம், பழைய எஞ்சின் ஆயிலோ டயரை எரித்து எடுத்த எண்ணெயோ இருக்கலாம். நாப்தா மாதிரியான லேசான சரக்கு அறைச் சூட்டிலேயே தீப்பிடிக்கும் ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து ஹீட்டர் அறைக்குள் போகும். உள்ளே நெருப்பின் முன் நிற்பது உங்கள் ஃபயர்மேன். எந்த எண்ணெய் வாங்கினாலும் தரச் சான்றிதழில் ஃபிளாஷ் பாயிண்ட் (தீப்பற்றும் ஆவி விடும் சூடு), கந்தகம், உறைநிலை மூன்றையும் பாருங்கள். அது இல்லாத சரக்கை இறக்கவிடாதீர்கள்.

மாற்றம் செய்ய முடிவெடுத்தால் வரிசை இப்படி இருக்கட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவில் எந்த எரிபொருள் என்று எழுதியிருக்கும். முதலில் அதைத் திருத்த மனுப்போடுங்கள். பிறகு ஹீட்டர் டியூப்களை அழுத்தச் சோதனை செய்து ஓட்டை இருந்தால் மாற்றுங்கள். விறகுக் கொட்டகை மாசிக்குள் எழும்பினால், கோடை வெயிலில் விறகு காய்ந்து ஆடி மழைக்கு முன் உள்ளே போய்விடும். பர்னர் புரட்டாசிக்குள் மாட்டி, மேலே வந்த பிறகு இங்கேயே புகைவாயு சோதித்து நாசிலை முடிவு செய்யுங்கள். கீழே செய்த டெஸ்ட் ரிப்போர்ட்டை வைத்துக் கடைசித் தவணைப் பணம் கொடுக்க வேண்டாம்.